கழிவு

பதினொரு வருடம் ஏழாம் இலக்கக் கதிரை.
குளிரூட்டி நேரே உச்சந்தலையில் ஊதும்.
ஒரில்லியாவிலிருந்து விடியப்புறம் திரும்புகையில்
நானூறாம் நெடுஞ்சாலையில் உப்பு வண்டிகள் மட்டும்:
பனிக்கு மேல் உப்பு, உப்புக்கு மேல் பனி.
வென்றாயா தோற்றாயா என்று கேட்க ஆளில்லை.
கேட்டிருந்தாலும்
ஓரிரவு ஒரு பதிலல்ல,
பத்தாயிரம் கை ஆடியபின் கேள் என்றிருப்பேன்.

இப்போது பே வீதியில் பதினேழாம் மாடி.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
துவாரகன், வட்டி விகிதப் பிரிவு.
படத்தில் சிரிக்கிறேன். சிரிக்கச் சொன்னார்கள்.
மேசையில் சிரித்தால் ஒரு காரணம் இருந்திருக்கும்.

நேர்முகத்தில் கேட்டார்கள்,
ஒரே நாளில் அதிகம் இழந்தது எவ்வளவு?
முப்பத்தோராயிரம்.
அன்றிரவு என்ன செய்தாய்?
கொத்துரொட்டி வாங்கினேன், படுத்தேன்.
அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டாள்.
அந்த வரியில்தான் வேலை கிடைத்தது.
கொத்துரொட்டி காரிலேயே கிடந்து
மறுநாள் மத்தியானம் கல்லாய் உறைந்திருந்ததை
அவள் கேட்கவில்லை.

அம்மா மார்க்கம் வீதியில் சீட்டுப் பிடித்தவள்.
சமையலறை மேசை, ஒற்றைக்கோட்டுக் கொப்பி, இருபது குடும்பம்.
ஆர் எவ்வளவு கழிவுக்கு எடுப்பினம் என்று
தொலைபேசியில் மூச்சு விடுவதிலேயே பிடிப்பாள்:
வீட்டு முற்பணத்துக்கு ஒரு மூச்சு,
சாமத்தியவீட்டுக்கு வேறு மூச்சு.
எடுத்தவன் ஒருத்தன் எட்மன்டனுக்கு ஓடியபோது
தாலிக்கொடியை விற்று மற்றவர்களுக்குக் கட்டினாள்.
இன்றைய காசுக்கும் நாளைய காசுக்கும் நடுவில் கிடப்பதற்கு
எங்கள் அலுவலகத்தில் நீளமாய் ஒரு பெயர் உண்டு.

என் சீட்டை மட்டும் அவள் சூது என்றாள்.
"பெடியன் என்ன செய்யிறான்?"
"கொம்பியூட்டர்."
இப்போது கேட்காதவர்களிடமும் சொல்கிறாள்,
"பாங்கில."
நான் வங்கியில் இல்லை. திருத்தவில்லை.

டெனிஸ் லாபெல்,
சட்பரியில் நிக்கல் சுரங்கம், முப்பத்திரண்டு வருடம்.
வியாழன்தோறும் மூன்றாம் இலக்கம்.
நல்ல சீட்டு விழுந்தால்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான்.
நாலு வருடம் அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.
அவித்த முட்டை கொண்டுவருவான்,
எனக்கும் ஒன்று, கடதாசியில் மடித்த உப்போடு.
அவன் முட்டையைத் தின்றபடி
அவன் ஓய்வூதியத்தையும் தின்றேன்.

ஒரு வியாழன் கண்ணாடி இல்லாமல் வந்தான்.
கண்புரை வெட்டியாச்சு, இனித் தேவையில்லை என்றான்,
சுவரில் இருந்த அறிவிப்பை எனக்கு வாசித்துக் காட்டினான்.
அன்று முழுக்க
அவன் கையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.
தெரியாதது நிம்மதியாய் இருந்தது.
அந்த நிம்மதிக்குத்தான் பயந்தேன்.
வீட்டுக்கு வந்து சப்பாத்தோடு இருந்து
விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன்.

இங்கே எதிரே முகமில்லை.
ஐந்து திரை. ஓர் எண் இன்னோர் எண்ணாகிறது,
அவ்வளவுதான் சத்தம்.
நான் விற்றதை வாங்கியது
வின்னிபெக்கில் ஓர் இயந்திரமாய் இருக்கலாம்,
ஆசிரியர்களின் சேமநிதியாய் இருக்கலாம்,
அதன் அடியில், வெகு அடியில்,
முட்டை உரிக்கும் ஒருவனாயும் இருக்கலாம்.
சனி ஞாயிறு விடுமுறை.
பல்லுக்குக் காப்புறுதி, கண்ணுக்குக் காப்புறுதி.

ஒன்பதே முக்காலுக்கு மத்திய வங்கி வாய் திறக்கும்.
அதற்கு முந்தின நிமிடம் இந்த மாடி
கடைசிச் சீட்டுத் திரும்பும் முன் மேசை இருப்பதுபோல் இருக்கும்.
இன்று என் பக்கம் சரியென்று அடிவயிறு சொன்னது.
போன மாதம் எடுத்த கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசை சூயுன்
ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.
பிறகு தன் திரையைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.